விருந்தாக வந்த அணு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைவண்டியே ஓடாத இத்தீவில் புகைவண்டிச் சீட்டு எழுதும் எழுத்தர் யாம். பள்ளியிறுதி வகுப்புடன் எம் கல்வி நின்றது. எனினும் எம் துறையில் பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசாதார் இல்லையாதலால், இரும்பை உப்புக் காற்று அரிக்கும் விதத்தைத் தேடிப் படித்தோம். தகரக் கூரையின்கீழ் வாழும் உங்களுக்கும் அது பயன்படும்.

உலோகம் என்பது படிகம். அதனுள் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. உள்ளிருக்கும் அணுவிற்கு எப்பக்கமும் அண்டை அயலார் உண்டு. மேற்பரப்பில் நிற்கும் அணுவிற்கோ தலைக்குமேல் துணையில்லை. ஆதலின் அது காற்றில் அலையும் பிராணவாயு முதலியவற்றைத் தன்பால் பற்றிக்கொள்கிறது. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பஞ்சு நீரை உள்ளிழுப்பது போன்றதன்று இது. மேலே ஒட்டி நிற்பது மட்டுமே.

வந்த விருந்து வாளா இருப்பதில்லை. வீட்டையே மாற்றிக் கட்டுகிறது! செம்புப் படிகத்தின் ஒரு முகத்தில் பிராணவாயு வந்தமர்ந்தால், படியோரங்களில் நின்ற செம்பணுக்கள் பெயர்ந்து வந்து அதனோடு கைகோத்துப் புதிய வரிசைகளாய் நிற்கின்றன. பிளாட்டினத்தின் செய்தி இன்னும் வியப்பு. அதன் ஒரு முகம் தூய்மையாக இருக்குங்கால் மேலடுக்கு அணுக்கள் அறுகோணமாய் நெருங்கி நிற்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு ஒட்டியதும் அவ்வமைப்புக் குலைந்து சதுரமாகும். சதுரத்தில் இடம் போதாமையால், ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அணுக்கள் மேலே தள்ளப்பட்டுத் திட்டுத் திட்டாய் நிற்கும். அவற்றை அறிஞர்கள் தீவுகள் என்றே அழைக்கின்றனர். நம் செவிக்கு அச்சொல் இனிக்கிறது. சதுர முகத்தில் பிராணவாயு எளிதில் பற்றும். இரண்டும் கூடிக் கரியமில வாயுவாகிப் பறந்துவிட, பழைய அறுகோணம் திரும்பிவிடும். மீண்டும் நச்சு வாயு வரும், மீண்டும் சதுரம். இத்தகைய ஆய்வுகளுக்காக ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் எர்ட்டல் 2007-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மோட்டார் வண்டிப் புகைக்குழாயில் நச்சு வாயுவை மாற்றும் கருவியிலும் பிளாட்டினமே வேலை செய்கிறது.

இனிப் பாம்பனுக்கு வருவோம். 1914-ல் திறந்த பாலம் 1964-ஆம் ஆண்டுப் புயலையும் கண்டு, பழுது நீங்கி நெடுநாள் உழைத்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடியா எஃகுக் கம்பிகளை இட்டிருக்கின்றனர். அவ்வெஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் உண்டு. பிராணவாயு வந்து பற்றியதும் குரோமியம் அதனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகி இரும்பைக் காக்கும். அதே பிராணவாயு, நீரும் கூடியிருக்க, வெறும் இரும்பில் பற்றினால் துரு! விருந்தினர் ஒருவரே, வீட்டிற்கேற்ப விளைவு வேறு. உப்பிலுள்ள குளோரைடோ அப்போர்வையின் நைந்த இடத்தில் அமர்ந்து துளையிட முயல்வது. ஆதலின் துருப்பிடியா எஃகும் முற்றிலும் துருப்பிடியாதது அன்று. கடைக்காரர் சொல்லை அப்படியே நம்பற்க.

இவ்வரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் நம் காரைக்குடியில்தான் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்தார். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்தனர். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து, அரிப்பை அளந்து வந்திருக்கின்றனர்.

நம் கூரைத் தகரத்தின்மேல் துத்தநாகம் பூசியுள்ளனர். அதுவும் காற்றோடு கூடிப் போர்வை போர்த்துக்கொள்வதே. உப்பும் ஈரமும் நீங்காது தங்கினால் அப்போர்வை கரையும். தகரமோ கப்பலேறி வரவேண்டிய பண்டம். ஒரு கூரை மாற்றினால் பிள்ளைகளின் பள்ளிச் செலவில் கை வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மழை படும் மேற்பக்கத்தைவிட, மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கமே முன்னதாக அரிப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மேற்பக்க உப்பை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்து உப்பு அங்கேயே தங்குகிறது. கோடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் கூரையைக் கழுவச் சொல்ல எமக்கு மனமில்லை. ஒரு வாளி நன்னீரில் துணியைத் தோய்த்து, அடிப்பக்கத்தையும் ஆணித் தலைகளையும் திங்களுக்கு ஒருமுறை துடைத்தல் இயலும். வண்ணம் பூசுவோர் அதன் பின்னரே பூசுக. உப்பின்மேல் பூசிய வண்ணம் அடுத்த மழைக்குள் கொப்புளித்துவிடும்.