கூதிர்க் காலத்தில் உடல் நலம் காக்கும் மூலிகைகள்

குடகு மலையில் தோன்றிக் கன்னட நாட்டைக் கடந்து வரும் காவிரி அன்னை, தமிழ் மண்ணில் அடியெடுத்து வைக்கும்போது பாறைகளினூடே அருவியாய் வீழும் இடம் ஒகேனக்கல். பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 16 கி.மீ. சென்றால் அவ்விடத்தை அடையலாம். தேசநாதேஸ்வரர் அங்கே கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார். ஆடிப்பெருக்கன்று அங்குக் கூடும் கூட்டத்தை அனைவரும் அறிவர். ஐப்பசித் திங்களின் துலா நீராடலும் அதற்குக் குறைந்த சிறப்புடையதன்று. மயிலாடுதுறையில் அது பெருவிழாவாக நடைபெறினும், காவிரி ஓடும் இடமெல்லாம் அப்புண்ணியம் உண்டு என்பது பெரியோர் கொள்கை. நீர்வரத்து மிகும் நாள்களில் ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை விதிக்கப்படுவதுண்டு. அத்தடையை மீறி இறங்குவது பக்தி ஆகாது.

விடியலில் குளிர்ந்த நீரில் மூழ்கி எழுபவர்க்கு அந்நீரைத் தாங்கும் உடல் வேண்டும். உடலுக்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதனை இழுக்கென்று எண்ணாமல் பேணியவர் திருமூலர். ஆகவே ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் உடலை எவ்வாறு பேணுவது என்று ஆராய்வது சமய நெறிக்குப் புறம்பானதன்று.

ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழர், ஆவணியும் புரட்டாசியும் கார் எனவும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனவும் கொண்டனர். வடமொழி ஆயுர்வேத நூல்கள் ஏறத்தாழ இதே பருவத்தைச் சரத் ருது என்று கூறும். சரக சம்ஹிதையின் சூத்திரத் தானத்தில் ஆறாம் அத்தியாயம் பருவங்களுக்கு உரிய ஒழுக்கத்தை விரித்துரைக்கிறது. மழைக்காலத்தில் குளிர்ச்சிக்குப் பழகிய உடல், மேகம் விலகியவுடன் திடீரென வெயிலில் காய்கிறது. அதுவரை உள்ளே சேர்ந்திருந்த பித்தம் சீற்றங்கொள்கிறது. எனவே கசப்பும் இனிப்பும் கலந்த எளிய உணவு கொள்க, தயிரை விலக்குக, பகலுறக்கம் தவிர்க்க, முன்னிரவில் நிலவொளியில் இருக்க என்பது அந்நூலின் அறிவுரை.

இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்நூல் பிறந்த வடபுலத்தில் சரத் என்பது வானம் தெளிந்த காலம். தமிழகத்திலோ ஐப்பசி என்றால் அடைமழை. நிலவொளியில் அமர நினைப்பவர் குடை பிடித்துக்கொண்டு அமர நேரிடும்! பென்னாகரம் வட்டாரத்தின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கடற்கரை மாவட்டங்களைப் போலன்றி இங்கே தென்மேற்குப் பருவக்காற்றும் நல்ல மழை தருகிறது. ஆவணி, புரட்டாசி மழை ஓயுமுன் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடுகிறது. ஒரு வாரம் உச்சி வெயில் உறைக்கும். மறுவாரம் சாரல் விடாது. மலையடிவாரமாதலின் இரவில் குளிரும் உண்டு. அழலும் ஐயமும், அதாவது பித்தமும் கபமும், மாறி மாறித் தலைதூக்கும் காலம் இது. நூலில் உள்ளதை அப்படியே எடுத்து ஆளாமல், வானத்தையும் தன் உடலையும் பார்த்து மருந்து கொள்வதே அறிவுடைமை. வள்ளுவப் பெருமானும் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்றே வகுத்தார்.

சரகர் கூறும் மற்றொரு செய்தி தமிழர்க்குப் பெரிதும் இனிப்பது. பகலில் கதிரவனால் காய்ந்து, இரவில் மதியால் குளிர்ந்து, அகத்திய விண்மீனின் தோற்றத்தால் நஞ்சு நீங்கிய நீரே சரத் காலத்துக்கு ஏற்ற நீர் என்றும், அதற்கு அம்சோதகம் என்று பெயர் என்றும் அவர் கூறுகிறார். ஐப்பசியில் விடியலுக்கு முன் எழுந்து தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குச் சற்று மேலே பேரொளியுடன் திகழும் அவ்விண்மீனைக் காணலாம். சித்த மருத்துவ மரபு தன் முதல் ஆசானாக வணங்குபவரும் அவ்வகத்தியரே. அவர் பெயரால் ஒரு தீர்த்தம் இம்மாவட்டத்திலேயே, அரூரை அடுத்த தீர்த்தமலையில் உள்ளது. இராமர், குமாரர், கௌரி, அக்கினி தீர்த்தங்களோடு அகத்தியர் தீர்த்தமும் அங்கே அடியார்களால் போற்றப்படுகிறது.

விண்மீன் எழுந்துவிட்டது என்பதனால் ஏரி நீரை அப்படியே அருந்திவிடலாகாது. மழைக்காலத்தில் கலங்கல் நீரும் கழிவு நீரும் குடிநீரில் கலக்கும் வாய்ப்பு மிகுதி. நீரைக் கொதிக்கவைத்து, அதில் சிறிது சீரகமோ ஒரு துண்டு சுக்கோ இட்டு, மூடி வைத்து அருந்துவது நன்று. தருமபுரி மாவட்டத்தார்க்கு இதில் ஒரு குறிப்பு தனியே சொல்லப்பட வேண்டும். இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் புளோரைடு உப்பு மிகுதி; பற்களில் கறையும் எலும்பில் நோவும் தருவது அது. காய்ச்சினால் கிருமி மடியும், புளோரைடு நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். இதன் பொருட்டே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கசாயம் காய்ச்சுவோர் அக்காவிரி நீரையோ, சேமித்த மழைநீரையோ கொள்வது நலம்.

இனி மூலிகைகளுக்கு வருவோர் முதலில் நினைக்க வேண்டியது நிலவேம்பு. ஊர்ப்புறத்தில் சிறியாநங்கை என்றும் இதனைக் கூறுவர். முழங்கால் அளவு வளரும் இச்செடிக்கும் கோயில் வாயிலில் நிற்கும் வேப்ப மரத்துக்கும் கசப்பைத் தவிர வேறு உறவில்லை. நிலவேம்புக் குடிநீர் என்று வழங்குவது இவ்வொரு மூலிகை மட்டுமன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்னும் ஒன்பதும் சேர்ந்த கூட்டு அது. அழலைத் தணிக்கும் குளிர்ச்சிப் பொருள்களோடு சுக்கையும் மிளகையும் சேர்த்த சித்தர்களின் நுட்பம் வியக்கத்தக்கது. கசப்பும் குளிர்ச்சியும் மிகுந்து வயிறு மந்தமாகாமல் அவையிரண்டும் காக்கின்றன. ஒரு தேக்கரண்டிப் பொடியை ஒரு தம்ளர் நீரிலிட்டுக் கால் தம்ளராக வற்றவைத்து வடிகட்டி, ஆறுமுன் அருந்த வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலையில் அருந்துதல் கூடாது. சூலுற்ற மகளிர் இதனைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். 2020இல் பெருந்தொற்றின்போது எங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீர் வேறு. அது பதினைந்து பொருள்கள் சேர்ந்தது, ஐயத்தை நோக்கியது. கடையில் இரண்டும் அருகருகே இருக்கும்; பெயரைப் படித்து வாங்குதல் வேண்டும்.

சாரல் நாள்களில் சளியும் இருமலும் தொல்லை தரும்போது ஆடாதொடை கைகொடுக்கும். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, மேலைநாட்டார் சளியை இளக்கும் புரோம்எக்சின் என்னும் மருந்தை உருவாக்கினர். இதனையும் சூலுற்றோர் உண்ணலாகாது. தூதுவளையைத் துவையலாக அரைத்துச் சூடான கேழ்வரகுக் களியோடு உண்பதும், கொள்ளு ரசம் பருகுவதும் இவ்வட்டாரத்து வீடுகளுக்குப் புதியன அல்ல. மூக்கடைப்புக்கு நொச்சியிலை ஆவி, குழந்தைகளுக்குக் கற்பூரவல்லிச் சாறு சில துளி, பெருமாள் கோயிலில் பெறும் துளசி என்று எளியவை பல உண்டு. மருந்துண்ணும்போது பத்தியமாகப் புளியைக் குறைக்கச் சொல்வது மரபு. சாலையெங்கும் புளியமரம் நிற்கும் பென்னாகரத்தில் இந்த ஒரு பத்தியத்தைக் காப்பதே பெருந்தவம் எனலாம்!

முன்னோர் இந்நெறிகளை ஏட்டில் மட்டும் வைக்கவில்லை; வழிபாட்டு நாள்களில் பொதிந்து வைத்தனர். தீபாவளியன்று நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீராடியபின் உண்ணும் லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் யாவும் உண்டு. பலகாரங்களுக்கு முன் சிறு நெல்லிக்காய் அளவு உண்ண வேண்டிய அதனை, பலகாரங்களை உண்டு வயிறு கெட்டபின் தேடுவது பிற்காலத்து வழக்கம். காய்ச்சல் உள்ளவர் அன்று எண்ணெய் நீராடலைத் தவிர்ப்பதே முறை. இறைவன் அதனைக் குற்றமாகக் கொள்ளான். தொடர்ந்து வரும் கந்த சஷ்டி நோன்பு வயிற்றுக்கு ஓய்வளிக்கிறது. ஐப்பசி முழுமதியன்று சிவபெருமானுக்குச் சாத்தப்படும் அன்னமே பின்னர் அடியார்க்கு எளிய உணவாகிறது.

திருக்கோயிலுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்புக்குக் கல்லில் எழுதிய சான்றும் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஆதுலர் சாலை ஒன்று இயங்கியதை அது தெரிவிக்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆண்டுதோறும் அங்கே இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் ஆடாதொடையும் கடுக்காயும் சேர்ந்த வாசாஹரீதகியும், வில்வத்தாலான பில்வாதி கிருதமும் இடம்பெறுகின்றன. இன்று வேலியோரம் நிற்கும் அதே ஆடாதொடை தான்! மூலிகை கொணரவும் மருந்து காய்ச்சவும் தனியே ஆள்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். நோயாளியரைப் பேணப் பெண்டிரும் இருந்தனர். ஆயினும் அவர்களுக்கெல்லாம் மேலே மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும் இருந்தனர் என்பதே கருதத்தக்கது. மூலிகையைப் பறிப்பவரே நோயை முடிவு செய்யும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் அங்கே இல்லை.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கூதிர்க் காலம் டெங்குக் காய்ச்சலின் காலமுமாகும். 2012இலும் 2017இலும் தமிழகத்தில் அது கடுமையாகப் பரவியபோது, நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கியது. காய்ச்சலின் துன்பத்தைத் தணிக்கும் துணையாக அதனைக் கொள்ளலாம். டெங்குவை முறிக்கும் மருந்தாகக் கொள்ளலாகாது. காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாளில் உடல் குளிர்ந்து சூடு தணியும். கசாயம் வேலை செய்தது என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் டெங்குவில் இடர் மிகுந்த வேளை அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல், குழந்தை சோர்ந்து துவளுதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாழிகையும் தாழ்க்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பென்னாகரம் வட்டத்து மலையூர்களில் வாழ்வோர் அந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருத்தலும் தகாது. இரவில், மழையில், ஓடைகளைக் கடந்து இறங்கிவர எத்துணை நேரமாகும் என்பதை அவர்களே நன்கறிவர். காய்ச்சல் இரண்டாம் நாளைத் தொட்டவுடன், நடக்கும் நிலையில் இருக்கும்போதே, பகற்பொழுதில் வந்து குருதிச் சோதனை செய்துகொள்வது நன்று. வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவதும் தீங்கு. ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவை மிகுவிக்கும். கசாயம் அருந்தியிருந்தால் மருத்துவரிடம் அதனை மறைக்கவும் வேண்டுவதில்லை.

டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதன்று, தொட்டியிலும் குடத்திலும் தேங்கும் தெளிந்த நீரில் பிறப்பது, பகலில் கடிப்பது. கோயில்களில் அகல் விளக்குகளை மழையில் திறந்தபடி விட்டுவிட்டால் அவையும் அதற்குத் தொட்டிலாகும். கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் அகல்களை எடுத்துக் கவிழ்த்து வைப்பது கோயிலார்க்கும் வீட்டார்க்கும் உரிய பணி.

மூலிகை தேடிக் காட்டில் புகுந்து வேரோடு பிடுங்குவோரும் இன்று பெருகியுள்ளனர். அதற்கு மாறாகத் திருக்கோயில் நந்தவனத்திலேயே இவற்றை வளர்க்கலாம். நிலவேம்பும் துளசியும் விதையில் முளைக்கும். கற்பூரவல்லி ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். ஆடாதொடைக்கு அதனினும் எளிய வழி உண்டு. ஐப்பசி ஈரத்தில் விரல் பருமனுள்ள குச்சி ஒன்றை ஒரு சாண் ஆழம் ஊன்றிவிட்டால் துளிர்த்துவிடும். வேலியும் வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு ஆடு மேயும் ஊரிலும், பெயருக்கேற்ப ஆடு அதனைத் தொடாது.