உப்பில் பிறக்கும் மின்சாரம்



ஏலப்பாறையிலும் அதனைச் சூழ்ந்த பீருமேட்டு மலைகளிலும் தேயிலைத் தோட்ட வேலைக்காகச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே லயங்களுக்குச் செல்லும் பாதையோரத்தில் படர்ந்திருக்கும் ஒரு சிறு செடியைக் குழந்தைகள் அனைவரும் அறிவர். நாம் தொட்டாற்சிணுங்கி என்கிறோம். அடுத்த வீட்டு மலையாளக் குழந்தை தொட்டாவாடி என்கிறது. விரல் பட்ட மாத்திரத்தில் இலைகள் குவிகின்றன, காம்பு தாழ்கிறது. இந்த நாணத்தின் பின்னே மின்சாரம் இருப்பதை, கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாமே அமைத்த நுண்கருவிகளைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து காட்டினார். கம்பியும் பாட்டரியும் இல்லாத செடிக்குள் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

உப்பிலிருந்து வந்தது. சமையல் உப்பு நீரில் கரையும்பொழுது, நேர் மின்னேற்றம் கொண்ட சோடியமாகவும் எதிர் மின்னேற்றம் கொண்ட குளோரைடாகவும் பிரிகிறது. இத்தகைய மின்னேற்றத் துகள்களையே அயனிகள் என்கிறோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம், அத்துணை மெல்லியது. உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. சவ்வில் புரதத்தாலான வாயில்கள் உண்டு. ஓய்வு நிலையில் அவை பொட்டாசியத்துக்கே பெரிதும் வழிவிடுகின்றன. நேர் மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் சிறிது கசிந்து வெளியேறவே, உட்புறம் எதிர் மின்னேற்றம் அடைகிறது. நரம்பணுவில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ட். கைவிளக்குப் பாட்டரியின் 1,500 மில்லிவோல்ட்டுக்கு முன் இது அற்பமே. ஆனால் சவ்வின் மெல்லிமையைக் கருதினால், சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்னும் அளவான அழுத்தம் ஆகும்!

தூண்டுதல் வந்ததும் சோடிய வாயில்கள் திறக்கின்றன, வெளியே காத்திருந்த சோடியம் உட்புகுகிறது, மின்னழுத்தம் தலைகீழாகிறது. மறு கணமே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பில் இதனைக் கணக்கிட்டு 1952இல் வெளியிட்டனர்; 1963இல் நோபல் பரிசு பெற்றனர். தொட்டாற்சிணுங்கியில் முறை சற்று வேறு. அங்கே கால்சியம் உள்ளே வருகிறது. குளோரைடும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேற, இலைக்கணு தளர்ந்து மடிகிறது.

வெளியே உள்ள உப்பின் கலவை மாறினால் என்ன நேரும்? 1880களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டு ஆராய்ந்தார். அது நெடுநேரம் துடித்தது. பின்னர் வாலைநீரில் உப்பைக் கரைத்து இட்டபொழுது துடிப்பு நலிந்து நின்றது. முன்பு பயன்பட்டது குழாய்நீர் என்பதும், அதில் இருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதும் அதன் பின்னரே புலப்பட்டன. விஞ்ஞானத்தில் இவ்வாறு தற்செயல் செய்யும் உதவிக்கு அளவில்லை. அவர் வகுத்த கரைசலோடு 1932இல் அமெரிக்க மருத்துவர் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று கடும் பேதியால் துவண்ட தொழிலாளிக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் 'ரிங்கர் லாக்டேட்' அதுவே. எதை ஏற்றினாலும் 'குளுக்கோஸ் ஏற்றினார்கள்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்தக் குப்பியில் இருப்பதோ சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் குளோரைடும் லாக்டேட்டும்தான்.

பேதியில் பொட்டாசியம் குறைந்தால் தசைகள் சோர்கின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கோ எதிரான அபாயம் உண்டு: பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குகிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது மிகவும் உயர்ந்தால், சவ்வின் உள்-வெளி வேறுபாடு சுருங்குகிறது. சோடிய வாயில்கள் மீண்டும் திறக்க ஆயத்தமாவதில்லை. இதயம் தடுமாறி நின்றுவிடவும் கூடும். உடலுக்கு நல்லதென்று நாம் அன்புடன் வெட்டிக் கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சோடியத்தைக் குறைத்து விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றிலும் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இவ்விரண்டையும் தொடலாகாது.

அத்தகைய நோயாளி அபாய நிலையில் வந்தால், மருத்துவர் முதலில் நரம்பு வழியே செலுத்துவது பெரும்பாலும் கால்சியம். சில நிமிடங்களில் இதயத்தின் சவ்வு நிலைபெறுகிறது. இரத்தத்துப் பொட்டாசியம் இதனால் குறைவதில்லை; அதனை உயிரணுக்களுக்குள் அனுப்ப இன்சுலினும் குளுக்கோசும் அடுத்து வருகின்றன. அவை வேலை செய்யும்வரை, ரிங்கரின் தவளை இதயத்தைத் துடிக்கவைத்த அந்தக் கால்சியமே இதயத்துக்குக் காவலாக நிற்கிறது.