தொக்கமும் உணவுக்குழாய் நோயும்



‘இங்கு தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகையை நம் ஊர்களில் பார்த்திராதவர் இருக்க மாட்டார்கள். குழந்தை சாப்பிட்டதைக் கக்குகிறது, இளைத்துப் போகிறது என்றால் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஒருவர் கழுத்தைத் தடவி, வாயில் ஊதி, ஒரு கறித் துண்டையோ சோற்றுப் பருக்கையையோ எடுத்துக் காட்டிக் காசு வாங்கிக் கொள்கிறார். மூன்று மாதமாக அடைத்திருந்ததாகச் சொல்லப்படும் சோறு, இன்று காலை வடித்ததுபோல் எப்படி வெள்ளையாயிருக்கிறது என்று நம்மில் எவராவது கேட்டதுண்டா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு வாந்தி தானே நின்றுவிடுகிறது. அந்தப் பெருமை தொக்கக்காரருக்குப் போய்ச் சேருகிறது. அதுகூடப் போகட்டும். நிற்காத குழந்தையின் கதி என்ன என்பதே நாம் பேச வந்த சங்கதியாகும்.

உணவுக்குழாயின் அடியில், இரைப்பையின் வாசலில், தசையாலான ஒரு வளையம் உண்டு. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அதை ஏவும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டால் வளையம் இறுகியே நிற்கும். குழாயும் உணவைக் கீழே தள்ளும் வேலையை விட்டுவிடும். இதற்கு அகலேசியா என்று பெயர். குழந்தைகளில் மிக அபூர்வம். ஆண்டொன்றுக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே புதிதாக வருகிறது. அபூர்வமாயிருப்பதாலேயே டாக்டர்கள்கூட ஆஸ்துமா என்றும் வயிற்றுப் புளிப்பு என்றும் எண்ணிக் காலங் கடத்துவதுண்டு. தேங்கிய உணவு இரவில் மூச்சுக்குழலில் இறங்கினால் இருமலும் நுரையீரல் காய்ச்சலும் வரும். வீட்டிலோ, பிள்ளை அடம் பிடிக்கிறது, தாய்க்கு ஊட்டத் தெரியவில்லை என்று அந்த அம்மாளை வைவார்கள். தகப்பனை எவரும் வைவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்நோய் புதிதல்ல. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் 1674-லேயே இதை எழுதி வைத்தார். திமிங்கில எலும்புக் கோலின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்தார். நோயாளி வேளைதோறும் அதனால் உணவை உள்ளே தள்ளி ஆண்டுக்கணக்கில் பிழைத்திருந்தார். 1913-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் உடம்பைத் திறந்து அந்தத் தசையை வெட்டிவிட்டார். 2008-ல் ஜப்பானில் ஹாருஹிரோ இனோவே, வெளியே ஒரு கீறலும் இல்லாமல், அதே வேலையை வாய்வழியாகச் செய்தார். ‘போயம்’ என்று அதைச் சுருக்கிச் சொல்லுகிறார்கள். 3 வயதுப் பெண் குழந்தைக்கு அதைச் செய்த விவரம் 2012-ல் வெளியாயிற்று. இன்று நம் பக்கத்து ஹைதராபாத்திலும் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள்.

செய்வது இதுதான். மயக்க மருந்து கொடுத்து, கேமரா பொருத்திய எண்டோஸ்கோப் என்னும் வளையுங் குழாயை வாய்வழியே இறக்குகிறார்கள். உணவுக்குழாயின் உட்தோலில் சிறு கீறல் போட்டு, தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் செய்துகொண்டு போய், இறுகிய தசைநாரை வெட்டுகிறார்கள். திரும்பி வந்து கீறலைக் கிளிப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இது மந்திரமல்ல, ஆகையால் குறையும் உண்டு. அழிந்த நரம்பு மீளுவதில்லை. வளையம் தளர்ந்தபின் இரைப்பைப் புளிப்பு மேலேறுவது பலருக்கு நேருகிறது. அதற்கு மருந்தும், ஆண்டுக்கணக்கில் பரிசோதனையும் வேண்டும். சிலருக்கு மறுபடியும் சிகிச்சை செய்ய நேரும். இவ்வளவையும் டாக்டர் முன்னதாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தொக்கக்காரர் எந்தக் குறையைச் சொன்னார்?

விழுங்கிய சோறு செரிக்காமல் அப்படியே திரும்பி வந்தால், தண்ணீர்கூட இறங்கத் தயங்கினால், காலையில் தலையணை நனைந்திருந்தால், எடை குறைந்தால், பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இந்நோயிருந்தால் குழாயின் அடி பெரும்பாலும் பறவை அலகுபோல் கூர்ந்து தெரியும். உள் அழுத்தத்தை அளந்து அதை உறுதி செய்யும் பரிசோதனையும் இருக்கிறது.