காணும் பொங்கலும் கானகமும்



அரையாண்டு விடுமுறையை அடுத்துப் பொங்கலும் வந்துவிட்டால், எங்கள் மூங்கில்துறைப்பட்டு மக்கள் தென்பெண்ணைக் கரையையும் கல்வராயன் மலையையும் நாடுவர். சென்னை மக்களோ காணும் பொங்கலன்று கிண்டிக்குத் திரண்டு செல்வர். 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பெற்ற அக்காடு, 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. எனினும் மாநகரின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் அங்கு வாழ்கின்றன.

உணவின் மணம் தோய்ந்த பிளாஸ்டிக் உறையை மான் விழுங்கினால், அது செரியாது. இரைப்பையில் தங்கி, உண்ணவொட்டாமல் உயிரைக் குடிக்கும். வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாம் எறியும் உறையை நாமன்றோ தடுத்தல் வேண்டும்?

பிள்ளைகளைக் கானகம் அழைத்துச் செல்லும் பெற்றோர் கையில் துணிப்பை ஒன்று இருக்கட்டும். மிஞ்சியதெல்லாம் அதிலேயே வீடு திரும்பட்டும்.