கா என்னும் ஓரெழுத்து



நன்னூல் கூறும் 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்று ‘கா’. பெயராக நின்றால் சோலை. ஏவல் வினையாக நின்றால் ‘காப்பாற்று’. இருபதாண்டுகளாக இதனை வகுப்பறையில் கற்பித்து வருகிறேன். பொருள் விளங்கியதோ சென்ற மாதந்தான்.

நம் மாவட்டத்தில், அழகர்மலைக் காப்புக்காட்டை அடுத்துள்ள காசம்பட்டிக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள வீரகோயில் காடு 4.97 எக்டேர், ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பே உடையது. மாமரங்கள் செறிந்த இச்சிறுகாட்டைத் தமிழக அரசு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022-இல் அறிவிக்கப்பெற்ற அரிட்டாபட்டிக்கு அடுத்து, மாநிலத்தில் இஃது இரண்டாவது.

மரமொன்றின் பெயரறிய எண்ணி அதன் கொப்பை வளைத்தேன். உடன்வந்த மூதாட்டி பதறினார்: “ஒடிச்சிராதீங்க தாயி, வீரணன் சாமி பொறுக்காது!”

என் கை தாழ்ந்தது. முனைவர் பட்டம் பெற்ற எனக்குக் ‘கா’ பெயர்ச்சொல்லாகவே இருந்தது. அம்மூதாட்டிக்கு அது வினைச்சொல். அரசாணை வருமுன்னரே அக்காட்டைக் காத்து நின்றது, கொப்பொடிக்க அஞ்சிய அவ்வூராரின் கட்டுப்பாடன்றோ?

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் சோலைகளைப் பாடிக் களித்தோம். இனி நம் குடகனாற்றங்கரையில் எஞ்சி நிற்கும் மரங்களைக் காக்கவும் முற்படுவோம். அதன் பின்னர் நாம் எழுதும் ‘கா’வில் இருபொருளும் நிறைந்திருக்கும்.