தலைவிதியா? கை அழுக்கா?



ஆபரேஷன் செய்துகொண்டவன் புண் சீழ்பிடித்து, ஜுரங் கண்டு இறந்துபோனால் நம் மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? "டாக்டர் என்ன செய்வார்? அவன் தலையெழுத்து" என்கிறார்கள். அது தலையெழுத்துத்தானா என்று கணக்குப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில் லிஸ்டர் என்ற ரண வைத்தியர் இருந்தார். 1864, 1866-ஆம் வருஷங்களில் அவரிடம் கைகால் வெட்டி எடுக்கப்பட்டவர்கள் 35 பேர். செத்தவர்கள் 16 பேர். அழுகுவது கிருமிகளாலேயே என்று பாஸ்டர் என்பவர் காட்டியிருந்ததை அறிந்த லிஸ்டர், புண்ணையும், கைகளையும், ஆயுதங்களையும் கார்பாலிக் திராவகத்தால் சுத்தஞ் செய்தார். பிறகு 1867 முதல் 1869 வரை 40 பேருக்கு வெட்டியதில் செத்தவர்கள் 6 பேரே! யமன் கார்பாலிக்குக்குப் பயந்து ஓடிவிட்டானா, தோழர்களே? செத்தவர்களை எண்ணாதிருந்தால் இந்த உண்மை யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்றும் எண்ணுவதே முதல் மருந்து. ஆபரேஷனுக்குப்பின் 30 நாள் வரையிலும், உடம்பினுள் இரும்புத் தகடு முதலியவை வைத்திருந்தால் 90 நாள் வரையிலும் புண்ணைக் கவனித்து, நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சீழ்பிடித்தது என்று எழுதிவைக்க வேண்டும். நோயாளியோ சில நாளில் வீடு போய்விடுகிறான். சீழ் வீட்டில் பிடிக்கிறது. அங்கே விபூதி பூசி மூடிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? உடனே போய்க் காட்டுங்கள்.

மயிரைக் கத்தியால் சிரைத்தால் நுண்ணிய கீறல்களில் கிருமி புகும். ஆதலால் அப்படிச் சிரைக்கவே கூடாதென்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிற்று. சிரைக்க வந்தால் ஏனென்று கேளுங்கள். புண்ணைத் தொட வருகிறவர் கை கழுவினாரா என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளாதிருந்தால் போவது உங்கள் உயிர்.