எமது குரலும் இயந்திரத்தின் செவியும்



செயற்கை நுண்ணறிவு என்று பெயர்பெற்றுள்ள இயந்திரம் எவர் பக்கமுஞ் சாராதது என்று நம்புவோர் எம்மவரிடையேயும் உளர். அந்த இயந்திரம் தானாக எதையும் அறிவதில்லை. மனிதர் எழுதியவையும் பேசியவையும் மலைபோலக் குவிக்கப்பட்டு அதற்குப் புகட்டப்படுகின்றன. அக்குவியலில் எவருடைய பேச்சு இல்லையோ, அவரை அது அறியாது. 2022ஆம் ஆண்டில் வெளியான 'விஸ்பர்' என்னும் பேச்சறியும் இயந்திரத்துக்கு 680,000 மணி நேர ஒலிப்பதிவு புகட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலமே! எஞ்சியதை உலகத்தின் ஏனைய மொழிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்நிலையில், நியூசிலாந்தின் மாவோரி மக்கள் செய்ததை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தாய்மொழி பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய தலைமுறைகள் அவர்களிடையே உண்டு. அவர்களது மொழி 1987இல் அரசகரும மொழியாயிற்று. 1956இல் எமக்கு மறுக்கப்பட்டது, ஏட்டளவிலேனும், பதின்மூன்றாந் திருத்தத்தின் மூலம் கிடைத்ததும் அதே 1987இலேதான்.

அந்நாட்டின் வடகோடியிலுள்ள கைத்தாயா என்னும் சிற்றூரில் 'தே ஹிக்கு' என்ற மாவோரி வானொலி நிலையம் உளது. 2018இல் அந்நிலையம் தன் மக்களை நோக்கி, "எமது மொழியை வாசித்துப் பதிந்து தாருங்கள்" என வேண்டிற்று. பத்தே நாளில் ஏறக்குறைய 2,500 பேர் 310 மணி நேர ஒலிப்பதிவைக் கொடுத்தனர். அதனைக்கொண்டு மாவோரிப் பேச்சை எழுத்தாக்கும் இயந்திரத்தை அவர்கள் தாமே ஆக்கினர். பணந் தருவதாக வந்த வெளிநாட்டுக் கம்பனிக்கு அப்பதிவுகளைக் கொடுக்க மறுத்தனர். தாம் அவற்றின் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர் என்றும், அவற்றாற் பயன்பெற வேண்டியோர் மாவோரி மக்களே என்றும் உரிமப் பத்திரம் வகுத்தனர்.

பத்து நாளில் அத்தனை பேர் திரண்டது பெரிதுதான். ஆயினும் எமக்குப் பெரிதாகப்படுவது அவர்கள் மறுத்த மறுப்பே. 'பின்தங்கிய சமூகங்களையும் சேர்த்துக்கொள்வோம்' என்று இன்று பலரும் இனிக்கப் பேசுகின்றனர். சேர்ப்பது எதற்கு? குரலை இலவசமாகப் பெற்று, ஆக்கிய பொருளை எமக்கே விலைக்கு விற்பதற்கெனில், அது பழைய தோட்டத்துரை வியாபாரமன்றி வேறென்ன?

தமிழுக்குக் கோடிக்கணக்கானோர் உளர், எமக்கென்ன குறை என்று சிலர் கேட்கலாம். தமிழக எழுத்தை மாத்திரம் கற்ற இயந்திரம் குறுவையையும் தாளடியையும் அறியும்; பெரும்போகம், சிறுபோகம் என்றால் விழிக்கும். மட்டக்களப்பு உழவன் 'வட்டை' என்றால் அது வயல்வெளி என்று விளங்குமா? 'கதைத்தல்' என்றால் உரையாடுதல் என்று கொள்ளுமா, கதை சொல்லுதல் என்று கொள்ளுமா? பயிர்நோய்க்கு மருந்து கேட்பவனுக்கு இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று.

ஆகவே, வன்னிக் கமக்காரரும் மலையகத் தொழிலாளரும் கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களும் தத்தம் பேச்சைப் பதிந்து வைக்கும் வேலையை எமது ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் தொடங்குதல் வேண்டும். தொடங்குமுன், அப்பதிவுகள் எவர் கையில் இருக்கும், எவருக்கு எந்நிபந்தனையிற் கொடுக்கப்படும் என்பதைப் பேசியவர்கள் முன்னிலையில் எழுத்தில் வரைந்து கையொப்பமிடுதல் வேண்டும்.